தானாகக் கழன்ற ஒயர்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஒயர் கழன்றுவிட்டது. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன், உள் அறையில் திடீரென்று சத்தத்தையே காணோம். அதுவரைக்கும் "பூங்கொடி, தண்ணீர் வேண்டும். பூங்கொடி, மின்விசிறி" என்று லேப்டாப்புக்காரி கூவிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் திரை கறுப்பு. சார்ஜர் முனை மேசை ஓரத்தில் தொங்குகிறது. இவர் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி என்னைப் பார்க்கிறார்.

இவருக்குப் பேச்சு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதலில் நாக்கு, அப்புறம் வலது கை, அப்புறம் கால். நரம்பு நோய், ஒவ்வொன்றாகத்தான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கை கொஞ்சம் அசைகிறது, அதில் ஒரே ஒரு விரல் மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்த விரலால் தட்டுவார், மகள் தாரணி கொடுத்த பழைய லேப்டாப் அதை வாய்விட்டுப் படிக்கும். செய்தி வாசிக்கிற பெண் குரல். "வா புள்ள" என்று நம் ஊர்ப் பேச்சில் தட்டினால் கண்டபடி வாசிக்கிறாள் என்று இவரும் சுத்தத் தமிழுக்கு மாறிவிட்டார். பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த நாச்சிமுத்து, கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் பேசியதெல்லாம் "ம்" ஒன்றுதான். இப்போது "மின்விசிறி" என்கிறார்! அந்தக் குரலை இவருடைய சின்னவீடு என்றுதான் நான் சொல்வது.

லேப்டாப்பின் பேட்டரி கிழம். அந்த மாடலுக்குப் புது பேட்டரியே இப்போது வருவதில்லையாம். ஒயர் கழன்றால் சற்று நேரத்தில் செத்துவிடும். செத்தபின் மறுபடி ஒட்டவைத்தாலும் உடனே உயிர் வராது, கொஞ்சம் சார்ஜ் ஏறி ஆற அமரத்தான் கண் திறக்கும். அதுவரை என் பாடு. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஓடி வந்து, முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு "அ வரிசையா? க வரிசையா? ச வரிசையா?" என்று கேட்க வேண்டும். சரியான இடம் வந்தால் கண்ணை மூடுவார். "சோறு" என்று சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

இன்றைக்கு அப்படிப் பாடுபட்டுக் கூட்டிய வார்த்தை என்னவென்றால், "வெயில்". வெயில் அடிக்கிறதாம்! அது எனக்குத் தெரியாதா? ஆபீஸ்களுக்குப் போகவேண்டிய மதியச் சாப்பாட்டுக் கேரியர்கள் அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு அடுக்களையில் நிற்கின்றன. ஆனாலும் சிரித்துவிட்டேன். இவரும் சிரித்தார். இப்போதெல்லாம் இவர் சிரிப்பு மூச்சாகத்தான் வருகிறது.

நாளைக்கு: கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பீன்ஸ் பொரியல். தேங்காய் வாங்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

தாரணி பெங்களூரிலிருந்து பேசினாள். ஒயர் புராணத்தைச் சொன்னேன்.

"அம்மா, அது மேக்னட்டும்மா. லேசா பட்டாலே கழண்டுக்கும். வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. ஒயர்ல யாராச்சும் கால் தடுக்குனா லேப்டாப் கீழ விழுந்துறக் கூடாதுன்னு."

"இந்த வீட்ல யாருடி ஓடியாடிட்டு இருக்காங்க, தடுக்கறதுக்கு?"

"அப்ப சி டைப் வாங்கிப் போடு. அதுக்கும் பக்கத்துலயே ஒரு ஓட்டை இருக்கு பாரு. உள்ள போயி கெட்டியா நின்னுக்கும். மேக்னட்டு அந்த லேப்டாப்புக்கு மட்டுந்தான் ஆகும். சி டைப்புன்னா போனுக்கு ஆகும், எல்லாத்துக்கும் ஆகும். பின்னால நம்ம யாருக்காச்சும் உபயோகப்படும்."

"பின்னாலன்னா?"

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"பின்னாலன்னா எப்பப் பின்னால? சொல்லு கண்ணு."

"அம்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா."

அடுப்பில் வேலை கிடக்கிறது என்று வைத்துவிட்டேன். பாவம், எந்த அர்த்தத்தில் சொன்னாளோ. போய் அரசாணிக்காய் நறுக்கினேன். நறுக்கி முடித்துப் பார்த்தால் நாளைக்கும் சேர்த்து ஆகும் போல இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கேரியர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ரியாஸ் கடைக்குப் போனேன். நாலு தெரு தள்ளி, செல்போன் சாமான் விற்கிற கடை. லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். நான் கொண்டுபோன ஒயரையும் கடையிலிருந்த சி டைப்பையும் மாட்டிக் காட்டினார்.

"இது பாருங்கக்கா, காந்தம். பக்கத்துல கொண்டுபோனாப் போதும், தானா ஓடிப்போயி ஒட்டிக்கும். கண்ணு தெரியாதவங்ககூட மாட்டிரலாம். ஆனா இப்படித் தட்டுனீங்கன்னா வந்துரும். சி டைப்ப இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். லேப்டாப் என்னோடு வந்தது, ஒயர் வரவில்லை.

"இதுதாங்க எனக்கு வேணும்" என்றேன்.

"எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணுக்கா, யாராச்சும் தடுக்குனா மொத்தத்தையும் இழுத்துப் போட்டுரும். எதுக்கும் அண்ணனக் கேட்டுக்கோங்க. யூஸ் பண்றது அவருதானே?"

அதுவும் நியாயம். வீட்டுக்கு வந்து கேட்டேன். விரல் ஊர்ந்து ஊர்ந்து தட்டியது. சின்னவீடு சொன்னாள்: "காந்தம் போதும்."

"என்னுங்க போதும்? தெனமும் கழண்டு விழுகுதல்ல?"

"காந்தம் நல்லது."

"என்ன நல்லதக் கண்டீங்க அதுல?"

ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தட்டினார். "பழகிவிட்டது."

"பழகறதுக்கு அது என்ன பொண்டாட்டியா?"

மூச்சு மூச்சாகச் சிரித்தார். சரி, மனுஷன் ஆசையாகக் கேட்கிறாரே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கழன்றது. ரசம் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். வந்து உட்கார்ந்து கூட்டிய வார்த்தை: "அணில்". ஜன்னலில் அணில் வந்ததாம்.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் ஒரே அவசரம். சரசக்காவும் நானும் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தோம். சரசக்காதான் அடுக்களையில் எனக்கு உதவி. உள்ளே சத்தமில்லை, தூங்குகிறார் என்று நினைத்தேன். டப்பா மூடி ஒன்றைத் தேடிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். மூடிக்காகத்தான் போனேன், இவரைப் பார்க்கப் போகவில்லை. போனால் முகம் நீலமாக இருக்கிறது. கண் மேலே செருகியிருக்கிறது. தொண்டையில் சளி அடைத்திருக்கிறது, கூப்பிட வழியில்லை, லேப்டாப் செத்துக் கிடக்கிறது. ஒயர் தரையில்.

சளி உறிஞ்சும் மிஷினைப் போட்டு எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. மூச்சு வந்தபிறகு சரசக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். "அழாத கண்ணு, வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றாள். நான் அழவில்லை, அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேனாம்.

நேராக ரியாஸ் கடை. சி டைப். வந்ததும் மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது. மேசைக்காலோடு ஒரு கயிற்றால் ஒயரைச் சுற்றியும் கட்டிவிட்டேன். காந்தச் சனியனை எடுத்துக்கொண்டுபோய் தெருவில் வந்த மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட்டேன்.

"இனிமே பழகிருச்சு கிழகிருச்சுன்னு ஏதாச்சும் சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். நீங்க எனக்கு வேணும். கேட்டுக்கோங்க" என்றேன் இவரிடம்.

இவர் என்னையே பார்த்தார்.

ஜூன் 24, செவ்வாய்

சி டைப்புக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். இதுவரை ஒரு தடவைகூடக் கழலவில்லை. லேப்டாப் ராப்பகலாக விழித்திருக்கிறது. இவர் கூப்பிட்டால் அடுப்படியில் நின்றபடியே "கேக்குதுங்க, சொல்லுங்க" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். தண்ணீர் என்றால் சரசக்கா கொடுத்துவிட்டு வருகிறாள். ஓட்டம் மிச்சம். புதிதாக ஒரு பேங்க் ஆபீஸுக்கும் சாப்பாடு கொடுக்க ஒத்துக்கொண்டேன்.

எழுத்து அட்டையை எடுத்து எத்தனையோ நாளாகிறது. முக்காலி சும்மாதானே கிடக்கிறது என்று அடுக்களைக்குக் கொண்டுவந்து புளி டப்பாவையும் மிளகாய்த் தூளையும் அதன்மேல் ஏற்றிவிட்டேன். உயரம் கச்சிதம்.

ஜூலை 2, புதன்

மத்தியானம் சின்னவீடு கேட்டாள்: "வேலை இருக்கிறதா?"

"தலைக்கு மேல கெடக்குதுங்க. சொல்லுங்க, காதுல விழுகுது."

கொஞ்ச நேரம் கழித்து: "ஒன்றும் இல்லை."

முன்னே மாதிரி தொந்தரவே இல்லை. வெயில், அணில் எல்லாம் இப்போது சொல்வதில்லை. வேண்டியதை மட்டும் கேட்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் இடது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதினார். விரலிலும் முழங்கையிலும் பலம் இறங்கிக்கொண்டு வருகிறதாம். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. கழுத்து நிற்காததால்தான். ஆட்டோக்காரரிடம் மெதுவாகவே போகச் சொன்னேன்.

நாளைக்கு: வெண்டைக்காய் மோர்க்குழம்பு, வாழைக்காய் வறுவல்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கேரியர்கள் போனபிறகு இவருக்குக் கொஞ்சம் பாயசத்தை நன்றாகக் குழையக் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. நான் வந்ததை இவர் பார்க்கவில்லை.

முழங்கையை ஒயருக்கு அடியில் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கை நழுவி மடியில் விழுந்தது. மறுபடி தூக்கினார். தூக்க முடியவில்லை, தோளை ஆட்டி ஆட்டி எப்படியோ மேலே கொண்டுவந்தார். மறுபடி ஒயருக்கு அடியில் விட்டார். இழுத்தார். ஒயர் வரவில்லை. லேப்டாப்தான் மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. கை தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்திருந்தால் முதல் தடவையிலேயே ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன். நான் கிண்ணத்தோடு மரம் மாதிரி நின்றுவிட்டேன். இழுத்த இழுப்பில் லேப்டாப் மொத்தமாக வந்து தரையில் விழுந்தது.

"என்னுங்க பண்றீங்க! என்ன காரியம் பண்றீங்க!" என்று கத்தினேன். திரை சிலந்தி வலை மாதிரி விரிந்துவிட்டது. சின்னவீடு வாயடைத்துப்போனாள். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வெட்கப்பட்டால் இவர் அப்படித்தான் செய்வார், கல்யாணமான புதிதிலிருந்தே.

அடுக்களைக்குப் போய் முக்காலி மேல் இருந்த டப்பாக்களை வழித்துக் கீழே தள்ளினேன். சரசக்கா "என்னாச்சு கண்ணு?" என்றாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். இவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அட்டையைத் தேடி எடுத்துத் தூசி தட்டினேன்.

"முன்னயும் ஒயர் தானா கழலல. நீங்கதான் தட்டி விட்டீங்க. அல்லங்களா?"

கண்ணைத் திறந்தார். மெதுவாக மூடினார். ஆமாம்.

"எதுக்குங்க?"

அ வரிசையா என்றேன், மூடினார். அ. அடுத்தது ப வரிசை. அடுத்தது த வரிசை. "அப்பத்தான்" என்று நானே முடித்தேன். மூடினார். அடுத்தது வ வரிசை. வ. ர வரிசையில் ரு. மறுபடி வ வரிசை. வ, வா, வி, வீ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வே-யில் கண்ணை மூடினார்.

அப்பத்தான் வருவே.

இவ்வளவுதானா! லேப்டாப் பேசினால் நான் அடுப்படியிலிருந்தே பதில் சொல்கிறேன். லேப்டாப் செத்தால்தான் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். அதற்காக! சளி அடைத்த அன்றைக்கும் இந்த மனுஷன்தான் தட்டி விட்டிருக்கிறார். அவ்வளவுக்குப் பிறகும் ஒயரை இழுக்கிறார்.

"அன்னைக்குச் செத்திருப்பீங்களே! கூப்புட்டா நான் வரமாட்டனாங்க? வா கொடி, வந்து உக்காருன்னு ஒரு வார்த்த தட்டறதுக்கு என்னுங்க?"

அட்டையைப் பார்த்தார். வ வரிசை. வே. ல வரிசை. லை.

வேலை. எனக்கு வேலை இருக்கிறதாம், எப்படிக் கூப்பிடுவதாம். ஒயர் தானாகக் கழன்றால் யார் என்ன சொல்ல முடியும்! அட்டை என் கையிலிருந்து விழுந்தது. இவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். என் தலையைத் தடவ இவருக்குக் கை வரவில்லை. வர வேண்டும் என்று தோள் அசைந்ததை உணர்ந்தேன்.

பாயசம் ஆறிப்போனது. ஆறியதையே கொடுத்தேன். நன்றாக இருந்தது என்று கண்ணை மூடினார்.

ஜூலை 19, சனி

ரியாஸ் கடையில் லேப்டாப்பைக் கொடுத்தேன். திரை மாற்ற நாளாகாது. காந்த ஒயருக்கும் சொல்லிவிட்டேன்.

"அதுதான் கழலுது கழலுதுன்னு சி டைப் வாங்கினீங்களேக்கா?"

"கழலட்டுமுங்க."

"அது எங்கிட்ட ஸ்டாக் இல்லீங்களே. பழைய மாடல், ஆர்டர் போட்டுத்தான் வரவெக்கணும். நாளாகும். சி டைப் உள்ளபோதே அதுக்கு ஏன் அலையறீங்க?"

"வந்தாச் சொல்லுங்க" என்றேன். என்னத்தை விளக்குவது?

பேங்க் ஆபீஸ் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். சரசக்கா முணுமுணுத்தாள். மத்தியானம் கேரியர் போனபிறகு இவர் பக்கத்தில்தான். இன்றைக்கு ஜன்னலில் அணில் வந்தது. நானே சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. லேப்டாப் சரியாகி வந்து சி டைப்பில் நாள் பூராவும் எரிகிறது. இவர் விரல் எழுத்தின்மேல் இருக்கிறது. அழுந்தவில்லை. நேற்று "கொ" என்று ஒரு எழுத்து விழுந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை.

முழங்கையும் நின்றுவிட்டது. தாரணி வருகிறேன் என்றாள். வா சாமி என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

காந்த ஒயர் வந்துவிட்டது என்று ரியாஸ் கூப்பிட்டார். தாரணிதான் போய் வாங்கிவந்தாள்.

"அம்மா, இனிமே அப்பாவால இத தட்ட முடியாதும்மா. திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவாங்க. வேற யாருக்கும் ஆகாது இது" என்று குசுகுசுத்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

"ஆக வேண்டாம். உங்கப்பனுக்கு மட்டும் ஆனாப் போதும்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே கொண்டுபோனேன். சி டைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, காந்தத்தைப் பக்கத்தில் காட்டினேன். டக்கென்று ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. இவர் அதைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. கண்ணோரம் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

இவருடைய இடது கையை என் இரண்டு கையாலும் தூக்கினேன். எலும்புதான் இருக்கிறது, ஆனால் சூடாக இருக்கிறது. முழங்கையை ஒயர்மேல் கொண்டுபோய் வைத்து ஒரு தட்டு தட்டினேன். ஒயர் கழன்று தொங்கியது. கையைப் பத்திரமாக மடியில் வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். தாரணி ஏதோ கேட்க வந்தாள். வாயில் விரலை வைத்து அடக்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்தேன், லேப்டாப் சாகட்டும் என்று.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தேன்.

"சொல்லுங்க, மறுபடியும் கழண்டுருச்சுங்களா?"

என்னைப் பார்த்துச் சிரித்தார், மூச்சாக. கண்ணை மூடினார். ஆமாம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன்பிறகு இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.